நாரி உளைவும் நம்மூர் வெயிலும்



இந்திரனுக்கு வச்சிராயுதம் செய்வதற்காகத் ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே ஈந்தார் என்பது புராணக் கதை. எலும்பினும் உறுதியான பொருள் வேறில்லை என்று எம் முன்னோர் எண்ணியதற்கு அது ஓர் அடையாளம். ஆயினும் எலும்பின் உறுதி கருங்கல்லின் உறுதியைப் போன்றதன்று. கல் ஒருமுறை அமைந்தால் அப்படியே கிடக்கும். எலும்போ உயிருள்ளது. நாள்தோறும் அதன் ஒரு பகுதி கரைக்கப்படுகின்றது. அவ்விடத்தில் புதிய பகுதி கட்டப்படுகின்றது. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூடு ஏறத்தாழப் பத்தாண்டுகளில் முழுவதும் புதுப்பிக்கப்பட்டு விடுகின்றது என்று உடலியல் அறிஞர் கூறுவர். கட்டும் வேலை கரைக்கும் வேலைக்கு ஈடுகொடுக்கும் வரையில் நாம் நிமிர்ந்து நடக்கின்றோம். ஈடுகொடுக்க இயலாத காலம் வரும்போது எலும்பு உள்ளே புரையோடத் தொடங்குகின்றது.

இதனை இவ்வாரம் எழுத எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நாட்டுக்கு வந்து ஹேர்னிங், ஹொல்ஸ்தபுறோ, வைலே, கிறின்ஸ்ரெட் முதலிய யூலாந்து நகரங்களில் குடியமர்ந்த எம்மவரிற் பெரும்பாலோர் அன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தனர். இன்று அவர்கள் அறுபதைக் கடந்துவிட்டனர். பின்னர் வந்து சேர்ந்த துணைவியரும் ஐம்பதைத் தாண்டிவிட்டனர். டென்மார்க் மண்ணில் முதுமையடையும் முதலாவது தமிழ்த் தலைமுறை இதுவே. எங்கள் ஆச்சிமார் ஊர் வெயிலில் எப்படி முதுமையடைந்தார்கள் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். இந்த வானத்தின்கீழ் ஒரு தமிழுடம்பு எப்படி முதிர வேண்டும் என்பதைக் காட்டித் தர எமக்கு முன்னே எவரும் இருக்கவில்லை.

கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் இருவர் சந்தித்தால் சுகம் விசாரிக்கும் பேச்சு இப்போது ஒரே வழியிற் செல்கின்றது. "நாரி உளையுது." "படி ஏறத் தொடை கனக்குது." "கதிரையிலிருந்து எழும்பக் கையூன்ற வேண்டியிருக்கு." கேட்பவரின் மறுமொழியும் ஆயத்தமாகவே இருக்கின்றது: "இந்த நாட்டுக் குளிர் அப்படித்தான். வயசும் போகுதுதானே." பிறகு கொஞ்சம் சித்தாலேப, ஒரு வலிமாத்திரை, கம்பளிக் காலுறை என்று காரியம் முடிந்துவிடுகின்றது. குளிரின்மேல் பழியைப் போட்டுவிட்டால் வைத்தியரிடம் செல்லும் தேவை ஏற்படுவதில்லை. இந்தப் பழிதான் எம்மவருக்குத் தீங்கு செய்கின்றது. இந்நாட்டில் எங்கள் எலும்புக்குப் பகையாய் இருப்பது பெரும்பாலும் குளிரன்று, வெயில் இல்லாமையே.

சூரியன் எங்கே?

எலும்பைக் கட்டுவதற்குக் கல்சியம் வேண்டும். உண்ட கல்சியத்தைக் குடலிலிருந்து உடல் ஏற்றுக்கொள்வதற்கு விற்றமின் டி வேண்டும். இந்த விற்றமினை உணவிலிருந்து நாம் பெறுவது சிறு பங்கே. பெரும் பங்கைத் தோலே செய்துகொள்கின்றது. அதற்கு வேண்டியது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலிலும் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் கொப்பன்ஹேகனில் அது 11 பாகைக்கு மேல் எழுவதில்லை. அவ்வளவு சாய்வாக வரும் வெயில் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்வதால், வேண்டிய கதிர் வழியிலேயே உறிஞ்சப்பட்டு விடுகின்றது. ஒக்ரோபர் தொடக்கம் மார்ச் முடியும் வரை டென்மார்க்கின் வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் தோல் விற்றமின் டியைச் செய்வதில்லை என்றே கொள்ளலாம். இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. வெளியே நிற்கும்போது உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீண்டிருந்தால் அந்த வெயிலால் எலும்புக்குப் பயன் மிகக் குறைவு. யன்னற் கண்ணாடியும் அக்கதிரைத் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து வெயில் காய்வதால் உடலுக்கு வெதுவெதுப்பு கிடைக்குமேயன்றி விற்றமின் கிடைக்காது.

கோடை வந்தாலும் எமக்கொரு தடையுண்டு. தோலிலுள்ள கருநிறப் பொருள் கடும் வெயிலிலிருந்து காப்பதற்கு இயற்கை எமக்குத் தந்த குடை. வெயில் நாட்டில் அது வரம். இங்கே அக்குடை வேண்டாத இடத்திலும் விரிந்தே நிற்கின்றது. வெள்ளைத் தோலர் குறுகிய நேரத்திற் பெறுவதைப் பெற எமக்கு அதைவிட நீண்ட நேரம் தேவைப்படுகின்றது. எம்மவரோ இருளில் வேலைக்குச் சென்று இருளில் வீடு திரும்பும் தொழிலாளர். கோடை விடுமுறையிலும் "கறுத்துப் போவாய்" என்று பிள்ளைகளை நிழலுக்கு அழைக்கும் வழக்கம் எம்மிடம் இன்னும் போகவில்லை.

எம்மவர் இரத்தம் சொன்ன செய்தி

இது வெறும் ஊகமன்று. நோர்வேயில் வாழும் இலங்கையரின் இரத்தத்தையும் கண்டியில் வாழும் இலங்கையரின் இரத்தத்தையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008ஆம் ஆண்டு வெளியாயிற்று. கண்டியில் இருந்தோரிடம் விற்றமின் டி சராசரியாக லீற்றருக்கு 54 நனோமோல் இருந்தது. நோர்வேயில் இருந்தோரிடம் அது 31.5 மட்டுமே. பொதுவாக 50 இருந்தாற் போதும் எனக் கொள்ளப்படுகின்றது. ஒரே தீவில் தோன்றிய மக்கள். மாறியது அவர்களுக்கு மேலிருந்த வானம். நோர்வே எம்மிலும் சற்று வடக்கே இருந்தாலும், குளிர்காலத்து நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று.

டென்மார்க்கிலும் ஒரு சான்று உண்டு. இந்நாட்டில் வாழும், உடலை முழுவதும் மறைத்து உடுத்தும் அராபியப் பெண்களை ஓர்ஹூஸ் நகர வைத்தியர்கள் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்பெண்களிடம் விற்றமின் டி மிகக் கடுமையாகக் குறைந்திருந்தது. அவ்வாறே உடுத்திய, டேனிஷ் இனத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண்களிடமும் குறைபாடு காணப்பட்டது. ஆகவே இது ஓர் இனத்துக்கு மட்டும் உரிய நோயன்று. வெளிச்சம் தோலைத் தொடாமையின் விளைவு. அவ்வைத்தியர்கள் கண்ட இன்னொரு செய்தி எமக்கு மிக வேண்டியது. குறைபாடுடையோரின் தசைகள் வலுவிழந்திருந்தன. சிகிச்சையளித்தபோது சில மாதங்களில் வலு மீண்டது. கதிரையிலிருந்து எழக் கையூன்றுகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இங்கே விற்பனையாகும் மார்ஜரீனில் ஒருகாலத்தில் விற்றமின் டி சேர்க்கப்பட்டு வந்தது. 1985இல் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. எம்மவர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே. எனவே இந்நாட்டுப் பாணில் பூசி உண்டோம் என்பதனால் மட்டும் எமக்கு அது கிடைத்திருக்க வழியில்லை.

உணர்த்தும் நோயும் உணர்த்தாத நோயும்

இங்கு இரண்டு நோய்களைப் பிரித்தறிய வேண்டும். விற்றமின் டி கடுமையாகக் குறைந்தால் எலும்பு மென்மையடைகின்றது. இது உளைவையும் தளர்வையும் தந்து தன்னை அறிவிக்கும். சிகிச்சையால் பெரும்பாலும் மாறும். மற்றையது எலும்புப்புரை. டேனிஷ் மொழியில் இதனைக் 'க்னௌலஸ்கோர்ஹெட்' என்பர்; எலும்பு நொறுங்குந் தன்மை என்பது பொருள். இதில் எலும்பின் அளவே குறைந்து, உள்ளே கறையான் தின்ற மரம்போல ஆகின்றது. இது எந்த வலியையும் தருவதில்லை. முறியும் நாளில்தான் தெரியவரும். விற்றமின் டிக் குறைபாடு இந்நோயையும் விரைவுபடுத்தும். அதனால் முதல் நோயைக் குளிரென்று தட்டிக்கழிப்போர் இரண்டாவது நோய்க்கும் கதவைத் திறந்து வைக்கின்றனர்.

இருபதுகளின் இறுதிவரை எலும்பு சேமிக்கப்படுகின்றது. அதன்பின் செலவே. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் வரும் சில ஆண்டுகளில் அச்செலவு மிக வேகமாக நடைபெறும். எலும்பைக் காத்துவந்த ஈஸ்திரஜன் என்னும் சுரப்பு குறைந்துபோவதே காரணம். ஆண்களுக்கு இந்நோய் வராதென எண்ணுவதும் தவறு. புகைத்தல், மிகுந்த மது, மிக மெலிந்த உடல், தைரொயிட் சுரப்பு மிகுதல், தாய் தந்தையரில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருத்தல், மூட்டுவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ பிறெட்னிசொலோன் மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொள்ளுதல் ஆகியன இருபாலாரையும் இடருக்கு உள்ளாக்கும்.

முறிவது பெரும்பாலும் மணிக்கட்டு, முள்ளந்தண்டு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களில். முள்ளந்தண்டு எலும்புகள் நசுங்கும்போது சிலருக்கு வலிகூடத் தெரியாது. உயரம் மட்டும் குறையும். முன்பு எட்டிய தட்டு இப்போது எட்டவில்லை, அளவாகக் கட்டிய சேலையின் கரை நிலத்தில் இழுபடுகின்றது என்றால் அதனை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு சென்ரிமீற்றர் குறைந்திருப்பின் வைத்தியரிடம் அவசியம் கூறவேண்டும்.

இடுப்பெலும்பு முறிவில் உலகிலேயே முன்னணியில் நிற்பவை டென்மார்க், சுவீடன், நோர்வே ஆகிய நாடுகள். அம்முறிவுக்குப் பின் முன்போல் தனித்து நடமாட இயலாது போவோர் பலர். எம் முதியோருக்கு இதன் பொருள் இன்னும் கொடியது. ஒரு வழுக்கல், ஒரு முறிவு. அதன்பின் தம் மொழி பேச ஒருவரும் இல்லாத முதியோர் இல்லத்தில், சோறும் சொதியும் காணாத மேசைமுன் எஞ்சிய காலத்தைக் கழித்தல். இதனைத் தவிர்ப்பதற்காகவே இவ்வளவும் எழுதுகின்றேன்.

வைத்தியரிடம் எதைச் சொல்வது?

நான் கலைப்பாடம் கற்பித்த ஆசிரியன். வைத்தியம் கற்றவன் அல்லன். ஆகவே நோயை அறுதியிட்டுக் கூறும் உரிமை எனக்கில்லை. ஆனால் எப்படிக் கேட்பது என்பதைக் கூறலாம்.

மஞ்சள் அட்டையில் பெயர் குறிக்கப்பட்ட உங்கள் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். விற்றமின் டி அளவை அறிய இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். எலும்புப்புரைக்கான இடர் உங்களுக்கு இருப்பதாக அவர் கருதினால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் கதிர்ப்படத்துக்கு அனுப்புவார். சில நிமிடங்கள் படுத்திருந்தாற் போதும். ஊசியோ வலியோ இல்லை.

இங்கே ஓர் இடையூறு உண்டு. அதனை வெளிப்படையாகப் பேசவேண்டும். வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளருக்கு, மூன்றாண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தோரிடம் கட்டணம் அறவிடும் சட்டம் 2018 யூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் எம் வீடுகளில் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ மொழிபெயர்க்கும் வழக்கமே மிகுதி. "மாதவிடாய் எந்த வயதில் நின்றது?" என்று வைத்தியர் கேட்கின்றார். மகன் தலைகுனிகின்றான். தாய் "நினைவில்லை" என்கின்றாள். நோயறிவதற்கு மிக வேண்டிய ஒரு விடை அத்துடன் மறைந்துவிடுகின்றது. ஆகவே போகுமுன் வீட்டிலேயே, மகளிடமோ நம்பிக்கையான தோழியிடமோ சொல்லி, பின்வருவனவற்றை டேனிஷ் மொழியில் ஒரு தாளில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்:

1. மாதவிடாய் நின்ற வயது.
2. ஐம்பது வயதுக்குப் பின் ஏற்பட்ட எலும்பு முறிவுகள்.
3. தாய் தந்தையருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா என்பது.
4. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தும்; ஊரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தவை உட்பட.
5. உயரம் குறைந்திருப்பின் அதன் அளவு.

தாளை வைத்தியரின் கையிற் கொடுத்துவிடலாம். நாணமும் காக்கப்படும், நோயும் மறையாது.

மாத்திரையும் அளவும்

கருமையான தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி எடுக்கவேண்டும் என்பது டென்மார்க் சுகாதாரத் துறையின் அறிவுரை. எழுபது வயதைக் கடந்தோருக்கு அது 20 மைக்கிரோகிராம். அத்துடன் கல்சியமும் சேர்த்துக் கொள்ளச் சொல்கின்றார்கள். கருவுற்ற பெண்களுக்கு 10 மைக்கிரோகிராம். குழந்தைகளுக்கு இரண்டாவது வாரம் முதல் 10 மைக்கிரோகிராம் துளிமருந்தாகக் கொடுக்கப்படுகின்றது.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பும் போத்தல்களில் அளவு வேறு அலகில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் 400 அலகு என்பது 10 மைக்கிரோகிராம். 800 அலகு என்பது 20. மிகுதியாக எடுத்தால் மிகுதியாக நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. இவ்விற்றமின் உடலின் கொழுப்பிற் சேர்ந்து நிற்பது. அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2016இல் பிழையாகத் தயாரிக்கப்பட்ட துளிமருந்தினால் இந்நாட்டிலேயே குழந்தைகள் நோயுற்றார்கள். உயர்ந்த அளவு மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் தொடவேண்டாம். சிறுநீரக நோயோ கற்களோ உள்ளோர் எதனையும் கேட்டே தொடங்குக.

எலும்புப்புரை என உறுதியானோருக்கு வாரமொருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேற் மாத்திரை பெரும்பாலும் கொடுக்கப்படும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். தேநீருடன் விழுங்கினால் மருந்து உடலிற் சேராது. விழுங்கிவிட்டுப் படுத்தால் தொண்டைக் குழாய் புண்ணாகும். "ஒரு மாற்றமும் தெரியவில்லை" என்று இடையில் நிறுத்துவோர் பலர். வலியில்லாத நோய்க்கு எடுக்கும் மருந்தில் மாற்றம் எப்படித் தெரியும்? முறியாமல் இருப்பதே அதன் பயன்.

அடுப்படியில்

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 முதல் 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஒரு குவளைப் பாலில் சுமார் 240 கிடைக்கும். பால் குடித்தால் வயிறு பொருமுவோர் எம்மில் பலர்; அவர்களுக்குத் தயிர் பொருந்தும். பாலிலுள்ள சர்க்கரை நீக்கப்பட்ட பாலும் கடைகளில் உண்டு. ஊர் உணவை விட்டுவிடத் தேவையில்லை. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கின்றது. குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை, முருங்கையிலை வறை, முள்ளோடு மென்று உண்ணும் நெத்தலி ஆகிய யாவும் எலும்புக்கு உகந்தவை. பசளி வகைகளில் கல்சியம் இருந்தாலும் உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. உப்பு மிகுந்தால் கல்சியம் சிறுநீருடன் வெளியேறும். ஊறுகாயும் கருவாடும் அளவோடிருக்கட்டும்.

மீன் வாங்கும்போது எம்மவரின் மனம் குளிரூட்டிய அறக்குளாவையே நாடும். ஆயின் விற்றமின் டி நிறைந்தவை இக்கடலின் கொழுப்பு மீன்களே: 'சில்ட்' எனப்படும் ஹெறிங், மக்கறல், சல்மன். தக்காளிச் சாற்றில் இட்ட மக்கறல் தகரப்பேணி எங்கும் மலிவாகக் கிடைக்கின்றது. வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து வதக்கினால் பிட்டுக்கு நல்ல கறி. மரக்கறி மட்டும் உண்போருக்கு இவ்வழி இல்லை. அவர்கள் மாத்திரையை மறத்தலாகாது.

நடையும் நிமிர்வும்

எலும்பு தன்மேல் சுமை ஏறினாலன்றி வலுப்பெறாது. சைக்கிள் ஓடுவதும் நீந்துவதும் இதயத்துக்கு நல்லவை. எலும்பின்மேல் அவை ஏற்றும் சுமை குறைவு. நடை, படி ஏறுதல், நடனம், சிறு பாரந் தூக்குதல் ஆகியன எலும்பைத் தூண்டும். ஊரில் நிலத்திலிருந்து எழுந்து, கிணற்றில் நீரள்ளி, கோயில் வீதி சுற்றிய உடம்பு இது. இங்கே கதிரை, கார், தொலைக்காட்சி என்று சுருங்கிவிட்டது. தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் வரை மேசையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். கைகளைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்து அமருங்கள். வீழாதிருக்க இவையும் ஒரு காவல்.

வீட்டில் வழுக்கும் பாய்களை அகற்றுங்கள். இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். பனிக்கட்டி படர்ந்த நாட்களில் சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்ளுப்பட்டி அணிந்து செல்லுங்கள். அழகைவிட இடுப்பு பெரிது.

எம் பெண்பிள்ளைகள் பதின்ம வயதில் பாலை விட்டுவிட்டு, மெலிவதற்காகப் பட்டினி கிடந்து, வெயிலுக்கும் அஞ்சுவது நாற்பதாண்டு கழித்துச் செலுத்தவேண்டிய கடன். அவர்கள் சேமிக்கும் காலம் இப்போதுதான். தாய்மார் இதனைச் சொல்வதோடு நில்லாது, தாமும் அவர்களுடன் சேர்ந்து கோடையில் வெளியே நடந்து காட்டவேண்டும்.

வாசகர்களே! நாட்டை விட்டு வந்தபோது கையிற் கொண்டுவந்த பொருள் மிகச் சிலவே. இந்த உடம்பையும் அதைத் தாங்கும் எலும்பையும் கொண்டு வந்தோம். அதனைக் கொண்டே உழைத்தோம், பிள்ளைகளை வளர்த்தோம், ஊருக்கும் அனுப்பினோம். இனி அதனைப் பேணும் முறை வருகின்றது. அடுத்தமுறை ஒருவர் "நாரி உளையுது" என்று சொன்னால், "குளிர்தான்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "இரத்தம் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு தாயாரைத் தம் சொந்த வீட்டில், தம் சொந்தக் காலில், இன்னும் பல ஆண்டுகள் நடக்க வைக்கக் கூடும்.